ஐந்து கிலோ ஸ்ட்ராபெர்ரி, இறுகாத ஜாம்: எங்கே தவறினேன்?

கேள்வி: நாற்றங்கால்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பண்ணையில் ஸ்ட்ராபெர்ரியும் மல்பெர்ரியும் வைத்திருக்கிறோம். பருவம் தொடங்கிவிட்டால் மூன்று வாரங்களுக்கு எங்களுக்கு ஓய்வே கிடையாது. ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தாலும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கிலோ சேர்ந்துவிடுகிறது. அதில் பாதி மறுநாளே தளர்ந்து நீர் விடத் தொடங்குகிறது. அதை வீணாக்க மனம் வராமல் ஜாம் காய்ச்சத் தொடங்கினேன். இதுவரை மூன்று முறை காய்ச்சியதில் மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன.

முதல் முறை, மழை பெய்து ஓய்ந்த இரண்டு நாட்களில் பறித்த பழங்களை ஒன்றாகச் சேர்த்து, 5 கிலோ பழத்துக்கு 3 கிலோ சர்க்கரை என்ற கணக்கில், வீட்டில் இருப்பதிலேயே ஆழமான பாத்திரத்தில் ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் கொதித்த பிறகு விரலில் தொட்டுப் பார்த்தபோது கம்பிப் பதம் வந்திருந்ததால் இறக்கி ஆறு பாட்டில்களில் நிரப்பினேன். மறுநாள் பாட்டிலைச் சாய்த்தால் பாகுபோல ஓடியது. மீண்டும் பாத்திரத்தில் கொட்டி இன்னும் ஒரு மணி நேரம் காய்ச்சியதில் நிறம் செங்கல்லைப் போலாகி, பழத்தின் மணம் போய், வெறும் சர்க்கரை காய்ந்த வாசனைதான் மிஞ்சியது. இறுகவும் இல்லை.

இரண்டாம் முறை இனிப்பைக் குறைக்க நினைத்து 1 கிலோ பழத்துக்கு 300 கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்தேன். கெட்டியாகத்தான் வந்தது, ஆனால் அலமாரியில் வைத்த இருபதாம் நாள் மேலே வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. மூன்றாம் முறை பதம் ஓரளவு சரியாக வந்தும், பழத்துண்டுகள் எல்லாம் பாட்டிலின் கழுத்தருகே மிதக்க, அடிப்பாதி வெறும் கூழாக நின்றுவிட்டது.

இப்போது குளிர்பெட்டியில் 4 கிலோ ஸ்ட்ராபெர்ரி காத்திருக்கிறது; மல்பெர்ரியும் கறுக்கத் தொடங்கிவிட்டது. தவறு பழத்திலா, பாத்திரத்திலா, என் கையிலா என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும். அந்த ஆறு பாட்டில்களையும் மீட்க வழி உண்டா?

பதில் 1: மண்வெட்டி

உங்கள் சிக்கல் அடுப்பில் தொடங்கவில்லை, கூடையிலேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்கும் பழம் அன்று. வைத்திருந்தால் நிறம் கூடுமே தவிர இனிப்பு கூடாது. நேரம் ஆக ஆக அது தளர்வது ஒன்றுதான் நடக்கும். ஆகவே, எந்தப் பழத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பறித்துக் கொண்டுவந்த அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிவு செய்துவிட வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன், பனி உலர்ந்ததும் பறியுங்கள். காம்பையும் இலைக்கொத்தையும் கிள்ளாமல், அகலமான தட்டில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாதபடி பரப்புங்கள். ஆழமான கூடையில் குவித்தால் மேலிருக்கும் பழத்தின் எடையே அடியிலிருக்கும் பழத்தை நசுக்கிவிடும். பயன்படுத்தும் நேரம் வரை தண்ணீர் காட்டக் கூடாது. சாம்பல் நிறப் பூசணம் ஒரு பழத்தில் கண்ணுக்குத் தெரிந்தால், அதைத் தொட்டுக்கொண்டிருந்த நாலைந்து பழங்களிலும் அது ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அவற்றையும் சேர்த்து எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

மிஞ்சியதை நான் மூன்றாகப் பிரிப்பேன். உறுதியாக, தோளில் (காம்பை ஒட்டிய பகுதியில்) சற்றே வெளிறல் தெரியும் பழம் ஜாமுக்கு. முழுதும் சிவந்தும் விரலுக்கு அமுங்காத பழம் அப்படியே உண்ணவும் உறையவைக்கவும். அமுங்கிவிட்ட, காயம்பட்ட, ஆனால் பூசணம் இல்லாத பழம் அன்றைக்கே சாறு காய்ச்ச. நீங்கள் இந்த மூன்றாவது கூட்டத்தைத்தான், அதுவும் மழைநீர் குடித்த பழத்தை, முதலாவது வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பதில் 2: அடுப்படி

மண்வெட்டி அவர்கள் பிரித்துச் சொன்னதற்கு அடுப்பின் பக்கத்திலிருந்து காரணம் சொல்ல முயல்கிறேன். சற்று நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாம் இறுகுவதற்குச் சர்க்கரை மட்டும் போதாது. பழத்தின் செல் சுவர்களில் இருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் ஓர் அளவுக்குள் சந்தித்தால்தான் ஜாமை இறுக்கிப் பிடிக்கும் வலை பின்னப்படும். பெக்டினைப் பிரித்தெடுத்து, உறையக்கூடியது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகோனோ. அது 1825ஆம் ஆண்டில். ரெட் கரண்ட் (கொத்தாகக் காய்க்கும் சிறு சிவப்புப் பழம்), கூஸ்பெர்ரி, புளிப்பு ஆப்பிள் போன்றவற்றில் பெக்டின் நிறைய உண்டு. ஸ்ட்ராபெர்ரியிலும் மல்பெர்ரியிலும் இயல்பாகவே குறைவு. அந்தக் குறைந்த அளவும் பழம் கனியக் கனிய நொதிகளால் அறுபட்டுப் போகிறது. பழம் தளர்வது என்று நாம் சொல்வதே பெரும்பாலும் இந்த அறுபடலைத்தான். எனவே தளர்ந்த பழத்தை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இல்லாத பெக்டின் வந்துவிடாது. மாறாக, நீண்ட கொதியில் இருக்கிற கொஞ்சமும் சிதைந்துவிடும். நிறம் செங்கல்லாக மாறியதும் இதே கொதியால்தான். பழத்தின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் வெப்பத்தில் அழிகிறது, சர்க்கரையும் மெல்லக் கருகுகிறது.

கம்பிப் பதம் உங்களை ஏமாற்றியதற்குக் காரணமும் இதுவே. விரல்களுக்கிடையே இழுபடும் அந்த நூல் சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டுமே தவிர, பெக்டின் பின்னியிருக்கிறதா என்பதைக் காட்டாது. அதற்குக் குளிர்ந்த தட்டுதான் சரியான சாட்சி. நாலைந்து சிறு தட்டுகளை உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது மறக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு (இல்லையென்றால் நீங்கள் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அது பதம் தாண்டிவிடும்), ஒரு தட்டில் அரைக் கரண்டி ஜாமை விட்டு ஒரு நிமிடம் குளிரவைத்து, ஓரத்திலிருந்து விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு ஆடைபோலச் சுருங்கி, விரல் போன வழி மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. விரலைச் சுற்றி வழிந்து மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும்.

வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை பாருங்கள். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. அங்கே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று முதலில் அளந்து, அதற்கு மேல் நாலரை டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் செய்யும் முறை இது. முக்கால் பங்கு பழுத்த பழமும் கால் பங்கு சற்றே செங்காயுமாக 1 கிலோ எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகே காம்பு நீக்குகிறேன்; முதலிலேயே காம்பை நீக்கிவிட்டுக் கழுவினால் அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். 800 கிராம் சர்க்கரையைப் பழத்தின் மேல் அடுக்கடுக்காகத் தூவி, மூடிக் குளிர்பெட்டியில் இரவு முழுதும் வைக்கிறேன். காலையில் பழங்கள் சற்றுச் சுருங்கித் தம் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். சர்க்கரை உள்ளே இறங்கிவிடுவதால் கொதிக்கும்போது துண்டுகள் கரைந்துபோவதில்லை, பாட்டிலில் மிதப்பதும் வெகுவாகக் குறையும். இரண்டு எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்து, அவற்றின் விதைகளையும் வெள்ளைத் தோலையும் ஒரு மெல்லிய துணியில் முடிந்து பாத்திரத்திலேயே போட்டுவிடுகிறேன்; அவற்றில் பெக்டின் உண்டு. சர்க்கரைக் கல் ஒன்றுகூட அடியில் இல்லை என்று உறுதியாகும் வரை மிதமான தீ. அதன் பிறகு அடுப்பு எவ்வளவு தருமோ அவ்வளவு தீ. வாயகன்ற பாத்திரமாக இருந்தால் 10 முதல் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை: பழத்தின் மேல் சர்க்கரையை முன்கூட்டியே தூவுவது ஸ்ட்ராபெர்ரிக்குத்தான் பொருந்தும். கரண்ட் போன்ற தடித்த தோல் பழங்களைச் சிறிது தண்ணீரில் மென்மையாக வேகவைத்த பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பழத்தோல் செருப்புத் தோல்போல விறைத்துவிடும்.

இறக்கியதும் உடனே நிரப்பாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, ஒரு முறை மெதுவாகக் கிளறிய பிறகு நிரப்பினால், கெட்டிப்படத் தொடங்கிய கூழே துண்டுகளைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் மூன்றாம் முறைக்கு இதுதான் மருந்து.

பதில் 3: தராசு

அடுப்படி அவர்களின் பதிலுக்கு ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். ஜாம் முடிந்த நிலையில் அதன் எடையில் சுமார் 65 விழுக்காடு கரைந்த திடப்பொருளாக (பெரும்பாலும் சர்க்கரை) இருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரியில் அது ஏறத்தாழ 8 விழுக்காடு. அப்படியானால் 1 கிலோ பழத்தில் 80 கிராம், சர்க்கரை 800 கிராம், ஆக 880 கிராம், அதை 0.65ஆல் வகுத்தால் சுமார் 1,350 கிராம். வெறும் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்து எழுதிக்கொண்டால், ஜாம் அந்த எடைக்கு இறங்கும்போது அடுப்பை அணைக்கலாம். நான் வெப்பமானியை நம்புவதை விட்டுப் பல காலமாகிறது.

இதே கணக்கை உங்கள் முதல் முறைக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ பழம், 3 கிலோ சர்க்கரை, ஆக 8 கிலோ. முடிவில் நிற்க வேண்டியது 5.2 கிலோ. அதாவது கிட்டத்தட்ட 2.8 கிலோ தண்ணீரை, வாய் குறுகிய ஆழமான ஒரு பாத்திரத்தின் வழியே ஆவியாக்க முயன்றிருக்கிறீர்கள். ஒரு முறைக்கு இரண்டு கிலோ பழத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பதில் 4: திண்ணை

மேலே சொன்னவை எல்லாம் சரியே. ஜாமில் படர்ந்த பூசணத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. மேலே படர்ந்ததை ஒரு விரற்கடை ஆழத்துக்கு வழித்து எறிந்துவிட்டு மீதியை மீண்டும் ஒரு கொதி விட்டால் போதும். நான் அப்படித்தான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பாட்டில் ஜாமை அப்படியே கொட்ட எப்படி மனம் வரும்?

பதில் 5: அடுப்படி

திண்ணை அவர்கள் மன்னிக்க வேண்டும். இதில் நான் உடன்பட மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் பூசணம் அதன் ஒரு பகுதிதான். இழைகள் கீழே இறங்கியிருக்கும். சில பூசணங்கள் விடும் நச்சுகள் கூழுக்குள் பரவக்கூடியவை, அவற்றுள் சில கொதித்தாலும் முழுதும் அழியாதவை. அதிலும் சர்க்கரை குறைந்த ஜாம் நீர்த்தன்மை மிகுந்தது என்பதால் பரவுவது இன்னும் எளிது. அந்தப் பாட்டிலை முழுதாகக் கொட்டிவிடுவதே முறை.

நாற்றங்கால் அவர்களுக்கு: ஜாமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. நுண்ணுயிர்கள் பயன்படுத்த முடியாதபடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். 1 கிலோவுக்கு 300 கிராம் என்பது ஜாம் அன்று, இனிப்பூட்டிய பழக்கூழ். அதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையேல் உறையவைக்க வேண்டும். இனிப்பு குறைவாகவே வேண்டுமென்றால், சர்க்கரைக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தின் துணையால் இறுகும் தனிவகைப் பெக்டின் தூள் கிடைக்கிறது. அதுகூட இறுக்கத்தைத் தருமே தவிர, சர்க்கரையின் காவலைத் தராது.

அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய ஜாமை, சூடான பாட்டில்களில் மேல் விளிம்புக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, வாயை ஈரத்துணியால் துடைத்து, புதிய மூடி போட்டு, மூடிக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருந்தால் இன்னும் 5 நிமிடம். ஆறியதும் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி, அழுத்தினால் மேலும் கீழும் துள்ளாமல் இருக்க வேண்டும்.

அந்த ஆறு பாட்டில்களைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரணமாக இறுகாத ஜாமில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் மீளும். உங்களுடையது இரண்டரை மணி நேரம் கொதித்துவிட்டது. பெக்டின் தூள் போட்டு இறுக்கிவிடலாம், போன மணத்தை எதைப் போட்டும் கொண்டுவர முடியாது. பாகாகவே வைத்துக்கொண்டு, தயிரிலும் ஐஸ்கிரீமிலும் ஊற்றித் தீர்த்துவிடுங்கள் என்பேன்.

பதில் 6: உறைபனி

ஜாம் ஒன்றையே எல்லோரும் பேசுகிறீர்கள். பருவத்தின் உச்சத்தில் தினமும் அடுப்படியில் நிற்க யாரால் முடியும்? குளிர்பெட்டியில் இருக்கும் 4 கிலோவில் நல்ல பழத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி உறையவையுங்கள். கல்லாக இறுகிய பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, எடையையும் தேதியையும் எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் எட்டு மாதத்துக்கு மேல் தாங்கும். எடையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உறைந்த பழம் இளகும்போது உள்ளிருக்கும் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்திருப்பதால் சாறு கொட்டும், அப்போது நிறுத்தால் கணக்குத் தவறும். ஜாம் காய்ச்சும்போது இளகவிடாமல், உறைந்த நிலையிலேயே சர்க்கரையோடு சேர்த்து மெல்லிய தீயில் வையுங்கள். உறைந்த பழத்தில் இறுகும் திறன் சற்றுக் குறையும். எனவே பத்தில் ஒரு பங்கு பழத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது என் வழக்கம்.

தளர்ந்த பழத்துக்கு வினிகர் நல்ல வழி. நசுக்கிய பழம் மூழ்கும் அளவுக்கு 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகர் ஊற்றி, மூன்று நான்கு நாள் குளிரில் வைத்து, பிழியாமல் வடிகட்டி, வடிந்த சாற்றின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டால், தண்ணீரில் கலந்து குடிக்க அருமையான பானம். பிழிந்தால் கலங்கிவிடும். நான் ஒவ்வொரு முறையும் பொறுமையிழந்து பிழிந்துவிடுகிறேன் என்பது வேறு கதை.

மறுமொழி: நாற்றங்கால்

அனைவருக்கும் நன்றி. 3 கிலோவை உறையவைத்துவிட்டு, உறுதியான பழமாகப் பொறுக்கி 1 கிலோவை மட்டும் நேற்று இரவு சர்க்கரையில் ஊறவைத்தேன். இன்று காலை பதின்மூன்றாவது நிமிடத்தில் இரண்டாவது தட்டில் ஆடை சுருங்கியது. நிறுத்துப் பார்க்கலாம் என்று தராசில் ஏற்றிய பிறகுதான் வெறும் பாத்திரத்தை நிறுக்க மறந்தது நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக அதே அளவில் இன்னொரு பாத்திரம் இருந்ததால் அதை நிறுத்துக் கழித்தேன்: 1,370 கிராம். நிறம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. துண்டுகளும் நடுவிலேயே நிற்கின்றன. பூசணம் பிடித்த பாட்டிலைக் கொட்டிவிட்டேன்.

மல்பெர்ரிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தச் சிறு பச்சைக் காம்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளியே ஆக வேண்டுமா? ஒரு கூடை கிள்ளுவதற்குள் விரலெல்லாம் கறுத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினால் நீலமாகிறதே தவிரப் போகவில்லை.

பதில் 7: மண்வெட்டி

முழுப் பழமாக ஜாம் காய்ச்சுவதானால் சிறு கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், காம்போடு வேகவைத்துச் சல்லடையில் தேய்த்துக் கூழாக்கிக்கொள்ளலாம். காம்பு அதிலேயே நின்றுவிடும். நன்றாகக் கறுத்த மல்பெர்ரியில் புளிப்பு மிகவும் குறைவு என்பதால் இன்னும் சிவப்பாக இருக்கும் காயைக் கால் பங்கு சேர்ப்பதோடு, எலுமிச்சைச் சாற்றை ஸ்ட்ராபெர்ரிக்குச் சேர்த்ததைவிட ஒரு பங்கு கூட்டுங்கள்.

விரலுக்கும் அதே எலுமிச்சைதான். அந்தச் சாயம் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சோப்பு காரம் என்பதால் நீலமாகிறது. பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலால் முதலில் நன்றாகத் தேய்த்து, சிவப்பாக இளகி வந்த பிறகு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பைக் கடைசியில் போடலாம்.